8 அடிக்கும் 35 அடிக்கும் உள்ள வித்தியாசம்

அமெரிக்காவில் கருக்கலைப்பு மருத்துவமனை வாசலில், கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் தாண்டக் கூடாதென்று எந்தக் கோடு போட்டாலும் அது பேச்சுரிமைக்கு வைக்கும் வேட்டு என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். பாதிதான் ஒப்புக்கொள்ள முடிகிறது.

மாசசூசெட்ஸ் மாநிலம் வாசலைச் சுற்றிப் போட்ட 35 அடி எல்லையை 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது, சரி. கூச்சல் போடுகிறவரை மட்டுமா, பக்கத்தில் போய் மெதுவாகப் பேச நினைத்த வயதான பெண்மணியையும் அந்தக் கோடு தள்ளி நிறுத்திவிட்டது. ஆனால் 2000-இல் கொலராடோ மாநில வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது வேறு மாதிரியான விதி. வாசலிலிருந்து 100 அடிக்குள், சம்மதம் இல்லாத ஒருவரிடம் பேசவோ துண்டறிக்கை நீட்டவோ 8 அடிக்குள் நெருங்கிப் போகக் கூடாது. நின்ற இடத்தில் நின்று பேசலாம், பதாகை பிடிக்கலாம். இதில் யார் வாய் அடைபட்டது? பரிசோதனைக்கு வந்த பெண்ணுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

வழிமறிப்பவர்களைத் தண்டிக்க 1994-இலிருந்தே மத்தியச் சட்டம் இருக்கிறது. அதை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே பாதி வம்பு தீரும்.

அப்புறம் இன்னொன்று. 35 அடி கூடாது என்று தீர்ப்பெழுதிய அந்த உச்ச நீதிமன்றத்தின் சொந்த முன்றிலிலேயே போராட்டம் நடத்தத் தடை இருக்கிறது!