ஒரே ஊனம், நான்கு விலை

பிரான்சுக்காகச் சண்டை போட்ட ஆப்பிரிக்க வீரர்களின் பென்ஷன் பற்றிப் பேச்செடுத்தாலே, "அதான் 2006-லயே பிரெஞ்சு ஜனாதிபதி சிராக் சரி பண்ணிட்டாரே" என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதைதான்.

தொடக்கம் 1959 டிசம்பர் 26 நிதிச் சட்டத்தின் 71-ஆவது பிரிவு. காலனி விடுதலை அடைந்து வேறு நாட்டுக் குடிமகனாகிவிட்டவருக்குப் பென்ஷன் அன்றைய தொகையோடு நிற்கும். இதற்கு வைத்த பெயர் 'கிரிஸ்தலிசாசியோன்', அதாவது படிகமாக உறையவைத்தல். யாருடைய பென்ஷனையும் வெட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், அதுதான் இதிலுள்ள சாமர்த்தியம். விலைவாசி ஏறும், பிரெஞ்சுக்காரரின் பென்ஷனும் கூடவே ஏறும், இவருடையது மட்டும் அசையாது. செனகல்காரர்களுக்கு 1979-இல் சட்டம் போட்டு, 1975 ஜனவரி 1 முதல் என்று முன்தேதியிட்டார்கள்.

2006 வாக்கில் முழு ஊனத்துக்கான மாத பென்ஷன்: பிரெஞ்சுக்காரருக்கு 690 யூரோ, செனகல்காரருக்கு 230, கேமரூன்காரருக்கு 104, மொராக்கோ, துனீசியாக்காரருக்கு 61. குண்டு என்னவோ பாஸ்போர்ட் பார்த்துப் பாயவில்லை. (புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாத 'சொல்தா', அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களின் குடும்பங்கள் இந்த வெட்டுக்குத் தப்பின. ஒரு காகிதத்தின் மதிப்பு அவ்வளவு.)

செனகல் வீரர்கள் 743 பேர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போய் 1989-இல் ஜெயித்தார்கள்: பென்ஷன் செய்த சேவைக்கானது, குடியுரிமைக்கானது அல்ல. 2001-இல் முன்னாள் சார்ஜென்ட் அமாது தியோப் வழக்கில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றமும் அதையே சொன்னது. அரசு அதற்கு 2002-இல் கண்டுபிடித்த பதில், 'அந்தந்த நாட்டு வாங்கும் சக்திக்கேற்ப' என்ற கணக்கு. எனக்கு 1959-ஐ விட எரிச்சலூட்டுவது இதுதான். சம்பளம் கொடுத்த அரசு ஒன்று, பென்ஷனுக்கு மட்டும் செனகல் தலைநகர் டக்காரின் சந்தை விலையா?

சிராக் செய்ததில் எங்கே ஓட்டை என்று பார்ப்போம். ராணுவ பென்ஷன் மூன்று வகை: போர் வீரருக்கான சிறு தொகை, போர்க்காய ஊன பென்ஷன், 15 ஆண்டுக்கு மேல் பணியாற்றியதற்கான ஓய்வூதியம். 2006-இல் அறிவித்து 2007-இல் சமமாக்கியது முதல் இரண்டை மட்டும். மூன்றாவதுக்கு, 2010 மே 28-இல் அரசியலமைப்பு மன்றம் உறையவைத்த சட்டத்தையே ரத்து செய்ய வேண்டியிருந்தது. 2011 ஜனவரி முதல்தான் அதுவும் சமம்.

அதுவும் தானாக வராது, மறு கணக்குக்கு மனுப் போட வேண்டும். இங்கேதான் பலர் விழுகிறார்கள். பிறந்த தேதி இல்லை, ஆவணத்தில் '1925 வாக்கில் பிறந்தவர்' என்றிருக்கும். ஆள் சேர்த்த அதிகாரி காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று. இரண்டும் ஒரே ஆள் என்று உள்ளூர்க் கோர்ட்டில் தீர்ப்பு வாங்க வேண்டும். விதவையென்றால் ஊர் வழக்கப்படி நடந்த கல்யாணத்துக்குப் பதிவு இருக்காது. போர் வீரர் தொகையோ விதவைக்குப் போகவே போகாது.

இதற்குமேல் பிரான்சு தரும் முதியோர் உதவித்தொகை, 2023 வாக்கில் மாதம் சுமார் 950 யூரோ. அதை வாங்க அப்போது ஆண்டில் ஆறு மாதமாவது பிரான்சில் இருக்க வேண்டியிருந்தது. அதனால் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்ட கிழவர்கள், பேரப்பிள்ளைகளை செனகலில் விட்டுவிட்டு, பாரிசை ஒட்டிய போண்டியில் தொழிலாளர் விடுதியின் சின்ன அறைகளில் தனியாக நாளைக் கடத்தினார்கள். 2023-இல்தான் நிபந்தனையைத் தளர்த்தினார்கள். ஏப்ரல் 28 அன்று ஒன்பது பேர் ஊர் திரும்பினார்கள். இளையவருக்கு வயது 85, மூத்தவருக்கு 96.