விசிட்டிங் கார்டு வேண்டாம், சம்பளச் சீட்டு கொடுங்கள்

ஓணம் சரக்கில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். புளியரை தாண்டிப் போன காய்கறி லோடு புனலூரில் எடை குறைந்தது. அந்த நட்டத்துக்கு, கமிஷன் கடை முதலாளி அண்ணாச்சி தன் மேனேஜரின் இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். அதைவிட என்னை உறுத்துவது நம் ஆட்கள் பேசுகிற பேச்சு. "பில் போட்டுக்கொண்டிருந்தவரை மேனேஜர் ஆக்கி மரியாதை கொடுத்தவரையே குறை சொல்லலாமா?"

எந்த மரியாதை? 'மேனேஜர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்த பிறகும் அவர் அதே சிட்டையைத்தான் எழுதினார், அதே பில்லைத்தான் போட்டார், லாரி டிரைவருக்கு டீ வாங்கி வந்தார். ஒரு ஆளை வேலைக்கு வைக்கவோ, மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைக்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. சம்பளம் கூடவில்லை. நியமனக் கடிதம் இல்லை. சீசன் நாட்களில் நள்ளிரவு வரை நின்றதற்குக் கிடைத்துவந்த கூடுதல் கூலி மட்டும் நின்றுபோனது. மேனேஜருக்கு ஓவர்டைம் கிடையாதாம். நட்டம் வந்தால் மட்டும் அவர் மேனேஜர்.

2025 வரை இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில், முக்கியமாக நிர்வாக வேலை பார்ப்பவர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார்; அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். நீக்கிவிட்டால் தொழிலாளியாக வழக்குப் போடுவதே சிரமம். 1994இல் ஒரு காலணிக் கடை மேலாளரின் வழக்கில், பதவிப் பெயரைப் பார்க்காதே, முதன்மையாக என்ன வேலை செய்கிறார் என்று பார் என்றது உச்ச நீதிமன்றம். அந்த மேலாளர் உண்மையிலேயே கடையை நிர்வகித்தவர் என்பதால் தோற்றார். நம்மவர் நிர்வகித்தது எதை? ஆனால் அதை நிரூபிக்க வக்கீல் வேண்டும், காசு வேண்டும், வருடங்கள் வேண்டும்.

என் அப்பா செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் கணக்குப்பிள்ளை. பஜாரில் எல்லோரும் வணக்கம் வைப்பார்கள். வயதாகி வேலையை விட்டு நின்றபோது பொன்னாடையும் குத்துவிளக்கும் கொடுத்தார்கள். அப்போதிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருடமாவது வேலை பார்த்தவருக்கு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டியிருந்தது. ஆனால் கடையில் பத்துப் பேர் இருந்தால்தான் அந்தச் சட்டம். அங்கே பதினைந்து பேர் உழைத்தார்கள், பதிவேட்டில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். அம்மா இன்றும் அந்த விளக்கைத் துடைக்கிறாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில் மூட்டை இறக்குகிறவருக்கு யாரும் கார்டு அடித்துக் கொடுக்கவில்லை. ஆனால் சுமைத் தொழிலாளர்களுக்கென்று அங்கே 1978ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, நல வாரியம் இருக்கிறது. உடனே "நோக்குகூலி கேட்டு மிரட்டியவர்களைப் புகழ்கிறாயா?" என்று கிளம்புவீர்கள். மூட்டையைத் தொடாமல், பார்த்துக்கொண்டு நின்றதற்கே கேட்ட கூலி அது. மிரட்டியது தப்புதான், நம் டிரைவர்கள் பட்டது எனக்கும் தெரியும். 2018இல் கேரள அரசே அதைத் தடை செய்தது. அதைக் காட்டி நம் மேனேஜரின் சம்பளம் பறிபோனதை ஏன் மறைக்கிறீர்கள்? தமிழ்நாட்டில் நமக்கும் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. லோடுமேனாக இருந்திருந்தால் வாரிய அட்டையாவது நம் மேனேஜர் கையில் இருந்திருக்கும்.

"சின்னக் கடை, அண்ணாச்சிக்கு என்ன லாபம் நிற்கிறது?" நியாயம். தக்காளி விலை விழுந்தால் அவரும்தான் அடிபடுகிறார். அப்படியானால் முடியாது என்று நேராகச் சொல்லட்டும். கார்டைக் கொடுத்துக் கூலியைப் பறிக்க வேண்டாம்.

"கார்டை அவரே சந்தோஷமாகத்தானே வாங்கிக்கொண்டார்?" இதைக் கேட்டவரிடம்தான் எனக்கு மிகுந்த வருத்தம். மேனேஜர் தன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெண்ணின் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று வருகிறவர்கள் முதலில் கேட்கிறார்கள். பில் போடுகிறேன் என்று சொன்னால் அவர்களுடைய முகம் மாறுவதை அவர் பார்த்திருக்கிறார். அந்த முகங்கள் நம்முடையவை. அவர் கார்டை வாங்கியதற்கு அண்ணாச்சி மட்டும் காரணமில்லை, நாமும்தான்.

கல்யாணத்துக்குச் சேர்த்துவைத்ததில்தான் இப்போது அந்த வீட்டில் அரிசி வாங்குகிறார்கள். அண்ணாச்சியோடு தினமும் டீ குடிக்கிறவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இரண்டு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். நாளைக் காலையிலேயே சொல்லுங்கள்.