காலிப் பள்ளிக்கூடத்தை ஒரு தடவை திறந்து காட்டுங்கள்

மே மாதம் முழுக்க என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "தம்பி புதுப் பள்ளிக்கூடத்துக்குத் தயாராயிட்டானா?" எதிர்வீட்டு அக்கா கேட்கிறார், பால் ஊற்றுகிற அண்ணன் கேட்கிறார், என் நாத்தனார் போன் போட்டுக் கேட்கிறார். எல்லோரும் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். நானும் "பழக்கிக்கிட்டு இருக்கோம்" என்று சொல்கிறேன். அந்தப் பள்ளிக்கூடம் தம்பிக்குத் தயாராகிவிட்டதா என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி என்று நாங்கள் கூப்பிடுவது என் மகனை. 11 வயது. ஆட்டிசம். தேவையானதை ஒன்றிரண்டு வார்த்தையில் சொல்லுவான். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மதுரைக்குப் பக்கத்தில், ஒத்தக்கடையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளியிலேயே படித்தான். ஜூனில் ஆறாம் வகுப்பு, நகருக்குள் இருக்கிற பெரிய பள்ளி.

ஐந்திலிருந்து ஆறு என்பது மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு கூடுகிற விஷயம். இவனுக்கு உலகமே மாறுகிற விஷயம். ஊர்ப் பள்ளியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே டீச்சர். அவன் கண்ணைப் பார்த்தே தண்ணீர் வேண்டுமா, வெளியே போகணுமா என்று சொல்லிவிடுவார். இனிமேல் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மணியடிக்கும். அப்புறம் காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கும் வந்தது. மற்றவர்களுக்கு அது பசியாறுவது. என் மகனுக்கு அதுதான் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிற அடையாளம். அதே தட்டு, அதே திண்ணை, பக்கத்தில் அதே பையன். சாப்பிட்டு முடித்தால் வகுப்பு என்று மனதில் பதிந்திருந்தது. அது தொடக்கப் பள்ளிக்கான திட்டம், ஆறாம் வகுப்பில் கிடையாது. அந்த இடத்தில் என்ன வைப்பது என்று இரண்டு மாதமாக யோசித்து, வாசலில் வைத்து ஒரு நெல்லிக்காய் மிட்டாய் என்று முடிவு செய்திருக்கிறோம். அதை வாயில் போட்டால் உள்ளே போகணும். வீட்டு வாசலில் தினமும் செய்து பார்க்கிறோம்.

பழக்குவது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த மருத்துவமனையும் இல்லை, சித்திரைத் திருவிழா. என் அம்மா வீடு கடச்சனேந்தலில், அழகர் வருகிற வழி. சொந்தக்காரர்கள் சேர்ந்து ஒரு மண்டகப்படி, அதாவது அழகர் நின்றுபோகிற பந்தல், வைப்பார்கள். தம்பிக்கு நான்கு வயதில் முதன்முதலாக அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். கொட்டுச் சத்தம், வேட்டு, தோல் பையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர். வீறிட்டு அழுதவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "இனிமே இவனைக் கூட்டிட்டு வராதே ஆத்தா" என்றது அம்மாச்சி. அடுத்த இரண்டு வருஷம் போகவில்லை.

மூன்றாவது வருஷம் என் தம்பி, அதாவது அவனுடைய தாய்மாமன், ஒரு காரியம் செய்தான். திருவிழாவுக்கு முந்தின நாளே பந்தல் போட்ட காலி மண்டகப்படிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனான். கூட்டமும் இல்லை, கொட்டும் இல்லை. தம்பி பந்தக்கால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தான். "அழகர் இங்க நிப்பாரு, நீ இங்க உக்காரணும்" என்று இடத்தைக் காட்டி, ஒரு பாயை விரித்து உட்கார வைத்தான் மாமன். மறுநாள் அதே பாயில், காதுக்கு மூடியோடு, முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான் என் பிள்ளை. அழகர் வந்தபோது எழுந்துகூட நின்றான். அந்த இடம் அவனுக்குத் தெரிந்த இடமாகிவிட்டது, அவ்வளவுதான். தெரிந்த இடத்துக்குள் சத்தம் வந்தால் அவனால் தாங்க முடிகிறது. தெரியாத இடமும் தெரியாத சத்தமும் சேர்ந்து வந்தால்தான் முடியவில்லை.

இந்த மே மாதம் முழுக்க அதைத்தான் செய்கிறோம். பேருந்தில் ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி வரை ஒருநாள் விட்டு ஒருநாள் போய்வருகிறோம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் கட்டணம் கிடையாது என்பதால் இது எங்களுக்குச் சாத்தியமாகிறது. உயர் நீதிமன்றக் கிளை வந்தால் பையை மாட்டணும், மாட்டுத்தாவணி வந்தால் என் கையைப் பிடிக்கணும். ஊரிலிருந்து பார்த்தால் யானைமலை தலைக்கு மேல் நிற்கும். பள்ளிக்கூடம் இருக்கிற பக்கத்திலிருந்து தூரத்தில் சின்னதாகத் தெரியும். முதல் நாள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "யானை சின்னது" என்றான். அவன் தானாகப் பேசிய வார்த்தை அது. அப்போதே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மணிச் சத்தம்தான் பெரிய மலை. ஊர்ப் பள்ளியில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. யார் அடிக்கப் போகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும், காதைப் பொத்த நேரம் கிடைக்கும். புதுப் பள்ளியில் மின்சார மணி. திடீரென்று தலைக்கு மேல் அலறும். சேர்க்கைக்குப் போனபோது அதைப் போனில் பதிவு செய்துகொண்டு வந்தேன். முதல் வாரம் அடுத்த அறையில் மெல்லிய சத்தம். இரண்டாம் வாரம் அதே அறையில். இப்போது பாதிச் சத்தம் வரை தாங்குகிறான். புதுச் சட்டை மொடமொடவென்று இருந்தால் கழற்றி எறிவான் என்பதால் எட்டுத் தடவை துவைத்து, கழுத்தில் குத்துகிற துணிப்பட்டையைப் பிரித்து எடுத்தாயிற்று. பேனா, நோட்டு எதுவும் பிரச்சினை இல்லை.

கழிப்பறையை மட்டும் வீட்டிலிருந்து பழக்க முடியாது. இதைப் பெற்றவர்கள் வெளியே பேசுவதில்லை, நான் பேசுகிறேன். இருட்டான, வழுக்குகிற, பெரிய பையன்கள் கூட்டமாக நிற்கிற இடத்துக்குள் என் மகன் போகமாட்டான். அடக்கிக்கொள்வான். அடக்குவதற்காகத் தண்ணீர் குடிக்க மாட்டான். ஜூன் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் மதியத்துக்குமேல் அடம், அழுகை எல்லாம் வரும். ஆசிரியர் அதை ஆட்டிசம் என்று நினைப்பார். உண்மையில் அது தாகம். இப்படி எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அதனால் தலைமை ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "சார், பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னால, யாரும் இல்லாதப்ப, ஒரு அரை மணி நேரம் தம்பியை உள்ள கூட்டிட்டு வரணும்."

கேட்கும்போது என் குரல் நடுங்கியது, காரணம் இருக்கிறது. அவனுடைய ஐந்து வயதில் ஒரு தனியார் பள்ளி வாசலிலேயே, "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குத் தனிப் பள்ளி இருக்கேம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். விண்ணப்பத்தைக்கூடத் தரவில்லை. அன்றைக்கு எனக்குச் சட்டம் தெரியாது. இன்றைக்குத் தெரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடு பார்க்காமல் சேர்க்க வேண்டும் என்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு, அருகில் உள்ள பள்ளியோ சிறப்புப் பள்ளியோ தேர்ந்தெடுப்பது நம் உரிமை என்கிறது 31ஆம் பிரிவு. அதே 16ஆம் பிரிவு ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கும் ஏற்ற ஏற்பாட்டைச் செய்துதரச் சொல்கிறது. நான் கேட்கிற அரை மணி நேரமும் அதற்குள் அடங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இது ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மட்டும் இல்லை. மேலூர்ப் பக்கம் ஒரு தோழியின் மகளுக்குப் பெருமூளை வாதம், சக்கர நாற்காலி. பள்ளி முகப்பில் அழகாகச் சாய்தளம் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கழிப்பறைக்கு இரண்டு படி. திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே பார்த்ததால் கொத்தனாரை வைத்துச் சரிசெய்தார்கள். திறந்த அன்று பார்த்திருந்தால் அந்தப் பிள்ளை வீட்டுக்குத் திரும்பியிருக்கும். பார்வை இல்லாத பிள்ளை படியை எண்ணிக்கொள்ளலாம். காது கேளாத பிள்ளைக்கு எந்த இடத்தில் உட்கார்ந்தால் ஆசிரியரின் உதடு தெரியும், எந்த ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தை இருட்டாக்குகிறது என்று காலி வகுப்பில்தான் பார்க்க முடியும்.

இந்தப் பிள்ளைகளுக்கென்றே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து எங்களுக்கு வருகிற சகோதரி தங்கமானவர். தொகுப்பூதியத்தில் வேலை பார்த்துக்கொண்டு பல பள்ளிகளுக்கு ஓடுகிறார். தொடக்க நிலையில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு பயிற்றுநர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கை 2021இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சொன்னது. அந்தக் கணக்கு எங்கள் பள்ளிக்கு வருகிறவரை காத்திருக்க எங்களுக்கு நேரம் இல்லை, பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கிறான். கதவைத் திறந்துவிட எந்த அரசாணையும் வேண்டாம், சாவி இருந்தால் போதும்.

அந்தச் சகோதரி சொல்லித்தான் ஒரு கடிதமும் எழுதினேன். முதலில் நான்கு பக்கம் வந்தது. "அக்கா, ஏழு டீச்சர் படிக்கணும், ஒரு பக்கமாக்குங்க" என்றார். இப்போது பத்து வரி. பின்னாலிருந்து தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். காதைப் பொத்தினால் வெளியே வராந்தாவில் ஐந்து நிமிடம் நிற்க விடுங்கள். இரண்டாம் பிரியட் முடிந்ததும் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். கடைசி வரி, வகுப்பு வாசலில் கிடக்கிற செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்குவான், தடுக்காதீர்கள், அது அவனுக்குப் பிடித்த வேலை. அவனால் முடிகிறதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

தலைமை ஆசிரியர் சரி என்று சொல்லிவிட்டார். போன வியாழக்கிழமை போனோம். வாட்ச்மேன் அண்ணன் கேட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். தம்பி வாசலில் மிட்டாயை வாயில் போட்டான். வராந்தா முழுக்கத் தூணைத் தொட்டுக்கொண்டே நடந்தான். ஆறாம் வகுப்பில் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான். கழிப்பறை வாசல் வரை வந்தான், உள்ளே வரவில்லை. விளக்கு எரியவில்லை, அதைச் சாரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார். "இதுபோல இன்னும் நாலு பிள்ளைங்க சேர்ந்திருக்காங்க, அவங்க வீட்டுக்கும் சொல்லி விடுறேன்மா" என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மறுபடியும் போகிறோம். விளக்கு மாட்டிவிடுவார்களாம். மணி அழுத்துகிற அண்ணனும் அன்றைக்கு இருப்பார். எந்த சுவிட்ச் என்று தம்பிக்குக் காட்டி, அவன் கையாலேயே ஒரு தடவை அழுத்த விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.