பேஸ் கிடாரில் விரலை வைப்பது பாதி வேலை, எடுப்பது மீதி வேலை

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி பக்கம் எந்தத் திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் போய், மேடையிலிருந்து அறுபது எழுபது அடி தள்ளி, கரும்புச் சாறு வண்டி பக்கம் நின்று கேளுங்கள். பாடுகிறவர் குரல் கேட்கும், கீபோர்டு கேட்கும், ரிதம் பேட் காதைக் கிழிக்கும். பேஸ் மட்டும் ஒரே உறுமலாக, பாட்டு முழுக்க விடாமல் ஓடுகிற மோட்டார் பம்புசெட் மாதிரி இருக்கும். வாசித்தவரிடம் சொன்னால் கேபினெட் சின்னது, மைக் செட் சரியில்லை, ஐந்து கம்பி கிடார் வாங்கினால் சரியாகிவிடும் என்பார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில்: சுரத்தை எங்கே தொடங்குவது என்று பழகியவர்கள், எங்கே நிறுத்துவது என்று பழகவில்லை.

கணக்கு எளிது. டெம்போ 90, அதாவது நிமிஷத்துக்கு 90 அடி என்றால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 667 மில்லி விநாடி. முதல் அடியில் கிக் (டிரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய டிரம்), இரண்டாவதில் ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்). முதல் அடியில் போட்ட பேஸ் சுரம் ஸ்நேர் மேலேயும் நீண்டு கிடந்தால், ஸ்நேரின் அடிவயிற்றுச் சத்தம் அதற்குள் புதைந்துபோகும். அதே சுரத்தை ஸ்நேர் விழும் கணத்தில் வெட்டிப் பாருங்கள். ஸ்நேர்காரர் குச்சியை மாற்றவில்லை, மிக்ஸரில் யாரும் கை வைக்கவில்லை, ஆனாலும் ஸ்நேர் ஒரு சுற்று பெரிதாகக் கேட்கும். திறந்த, அதாவது விரல் வைக்காத E கம்பி 41 ஹெர்ட்ஸ். தடிமனான கம்பி, விட்டால் பல விநாடி அதிர்ந்துகொண்டே இருக்கும். டைல்ஸ் போட்ட கல்யாண மண்டபத்தில் அந்த அதிர்வு சுவரில் முட்டித் திரும்பி வந்து அடுத்த சுரத்தோடு கலக்கும். மண்டபத்தில் இன்னும் குட்டையாக வாசிக்க வேண்டும். திறந்த வெளியில் கொஞ்சம் நீட்டலாம்.

நம்ம ஊரில் இதை யாருக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை. தவில் வித்வான்கள் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் ஹரித்துவாரமங்கலம் பழனிவேலும் வந்த மண். தவில் சத்தம் கேட்காமல் ஒரு கல்யாணம் நடக்காது. தொப்பிப் பக்கம், அதாவது இடப்பக்கத் தோலில், பூவரசங்கழி விழுவதைக் கவனியுங்கள். கழி பட்டதும் துள்ளி எழுந்தால் தோல் முழங்கும், அழுத்தி வைத்தால் அடைபடும். இரண்டும் வேறு வேறு சொல். மிருதங்கத்திலும் தொப்பிக்கு ரவை அப்பிச் சுருதியை இறக்கி, உள்ளங்கையால் சத்தத்தைத் திறந்தும் மூடியும் வாசிக்கிறார்கள். இதையெல்லாம் தொட்டிலிலிருந்து கேட்டு வளர்ந்த பையன் பேஸைத் தோளில் மாட்டியதும் எல்லாச் சுரத்தையும் ஒரே நீளத்துக்கு இழுப்பது ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

நிறுத்துவதற்கு இரண்டு கையும் வேண்டும். இடக்கையில் விரலைக் கம்பியிலிருந்து முழுசாக எடுத்தால் திறந்த கம்பி முனகும். அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும், விரல் கம்பியைத் தொட்டபடியே இருக்கணும். அதிலும் ஒரு பொறி உண்டு: 5, 7, 12ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நேர் மேலே ஒற்றை விரலால் தளர்த்தினால் அங்கே ஹார்மோனிக், அதாவது மேல் சுரம், பிறந்து "டிங்" என்று மணி அடிக்கும். அந்த இடங்களில் பக்கத்து விரலையும் சேர்த்துப் படுக்க வைத்தால் மணி செத்துவிடும். வலக்கையில் கட்டைவிரலைப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தக் கட்டை) மேலேயே நிரந்தரமாகக் குடி வைக்காதீர்கள். A கம்பி வாசிக்கும்போது கட்டைவிரல் E மேல் இறங்க வேண்டும். D, G கம்பிகளுக்குப் போனால் அது A மேல் வந்து, பக்கவாட்டில் E-யையும் உரசி நிற்க வேண்டும். இதைச் செய்யாதவரின் E கம்பி பாட்டு முழுக்கத் தானாகவே ஆடிக்கொண்டிருக்கும். அவருக்கு அது கேட்காது. சப்வூஃபருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும்.

பழகுவதற்கு ஆதி தாளமே போதும். தாள அடியைக் கொடுக்கும் மெட்ரோனோமை 60-ல் வையுங்கள். ஒரே சுரம், A கம்பி 3ஆம் ஃப்ரெட். முதல் ஆவர்த்தனத்தில் ஒவ்வொரு அட்சரமும் முழு நீளம். அடுத்ததில் பாதி நீளம், மீதி மௌனம். அடுத்ததில் கால்வாசி. நான்காவதில் முக்கால். முக்கால்தான் கஷ்டம், அங்கேதான் கை பொய் சொல்லும். இது பத்து நிமிஷம் பிசகாமல் வந்தபிறகு மெட்ரோனோம் அடியை 2ஆம், 4ஆம் அடி என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள். நாட்டுப்புற மெட்டுக்குத் திஸ்ரத்தில், ஆறில் 1-லும் 4-லும் சுரம் வைத்து 3-லும் 6-லும் வெட்டிப் பாருங்கள். டோலக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

இனி ஸ்பாஞ்ச் விஷயம். ஃபெண்டரின் ப்ரெசிஷன் பேஸ் 1951-ல் வந்தது. பழைய ப்ரெசிஷன்களில் பிரிட்ஜை (கம்பிகள் உடலில் மாட்டும் இடம்) மூடும் இரும்புத் தகட்டுக்கு அடியில் ஒரு பஞ்சுப் பட்டை இருக்கும், கம்பியைத் தொட்டு அதிர்வைக் குறைப்பதற்காக. டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அதைக் கழற்றவில்லை. தடித்த ஃபிளாட்வவுண்ட் (மேல்சுற்று தட்டையான) கம்பி, வலக்கையில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றே, கம்பியை அறுந்தாலொழிய மாற்றுவதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் கேரல் கே பிக் (கம்பியை மீட்டும் வில்லை) பிடித்து வாசித்தார். அவர் கம்பிக்கு மேலே பிரிட்ஜ் ஓரமாக ஃபெல்ட் துணிப் பட்டையை வைத்துக்கொள்வார். இந்த இருவரும் வாசித்த பாட்டுகளைக் கேட்டு வளராத பேஸ்காரர் மேல்நாட்டில் குறைவு. இரண்டு பேருமே ஒலி நீளாமலிருக்க வழி தேடியவர்கள். இன்றைக்குக் கடைக்காரர்கள் "சஸ்டெயின் அதிகம்", அதாவது ஒலி நீளும் என்று சொல்லித்தான் கிடாரை விற்கிறார்கள்!

வீட்டில் செய்ய முடியும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் பச்சை நார்ப் பக்கத்தை பிளேடால் சீவி எறிந்துவிடுங்கள். மஞ்சள் பஞ்சில் 7 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம் வெட்டினால் போதும். நான்கு கம்பி கிடாரில் பிரிட்ஜ் பக்கம் வெளிக்கம்பிகளுக்கு இடையே சுமார் 57 மில்லிமீட்டர்தான். கம்பிக்கு அடியில், சேடிலை (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டு) ஒட்டிச் செருகுங்கள். உயரம் கம்பியை லேசாகத் தொடும் அளவுக்கு இருந்தால் சரி. அழுத்தி முட்டினால் சுரம் "டொக்" என்று கட்டையாகிச் சுருதியும் தெளிவில்லாமல் போகும். பட்டும் படாமலும் இருந்தால் கரகரக்கும். சில கிடாரில் G கம்பி மற்றதைவிட மேலே நிற்பதால் அதற்கு மட்டும் தொடாது. அந்த ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை அடியில் சொருகித் தூக்குங்கள். ஹவாய்ச் செருப்பு ரப்பரை வெட்டி வைப்பவர்களும் உண்டு. வேண்டாம், அது கடினம், சத்தம் செத்துவிடும்.

கம்பி பற்றி ஒரு வார்த்தை. சாதாரண செட்டின் தடிமன் 45-லிருந்து 105 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் உப்புக்காற்றில் ரவுண்ட்வவுண்ட் (மேல்சுற்று உருண்டையான கம்பி) சீக்கிரம் மங்கும், சுற்றுக்கு நடுவே வியர்வையும் அழுக்கும் சேர்ந்து துருவும் ஏறும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்தால் பளிச்சென்ற சத்தம் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் அது கொஞ்ச நாளைக்குத்தான், ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் ஆணியில் சுற்றும் இடம் பலவீனப்படும். கரையோரத்தில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு ஃபிளாட்வவுண்டுக்கு. விலை கூடுதல், வருஷக் கணக்கில் உழைக்கும், மங்கினாலும் குடி முழுகாது, மங்கிய சத்தம்தான் நமக்கு வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடார் கழுத்து அசையும். எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் மாறும், அதனால் பார்த்துத்தான் திருக வேண்டும். முதல் ஃப்ரெட்டில் காப்போ (கம்பிகளை அமுக்கும் கிளிப்), இன்னொரு கையால் கடைசி ஃப்ரெட்டில் E கம்பியை அமுக்குங்கள். 8ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி, ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டின் கனம். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டு) வலஞ்சுழியாகக் கால் சுற்று, குறைவாக இருந்தால் இடஞ்சுழி. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மறுநாள் மறுபடி பாருங்கள். கம்பி உயரத்தைக் குறைக்கிறேன் என்று ட்ரஸ் ராடைத் திருகுகிறவர்களைக் கண்டால் கையைத் தட்டிவிடுங்கள். உயரத்துக்கு சேடில் இருக்கிறது. 17ஆம் ஃப்ரெட்டில் E கம்பி 2.4, G கம்பி 2 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம்.

பிடித்த பேஸ், டிரம்ஸ் ஜோடி எது என்று பேஸ்காரர்கள் கூடினால் பேச்சு நிற்காது. என் பட்டியலில் முதலிடம் மெம்பிஸின் டக் டன், ஆல் ஜாக்சன் ஜோடிக்கு. இரண்டு பேருமே குறைவாக வாசிப்பவர்கள், அந்த இடைவெளியில்தான் பாட்டே நடக்கும். அடுத்து பாப் மார்லியோடு இருந்த பாரெட் சகோதரர்கள், ஆஸ்டனும் கார்ல்டனும். அவர்களது ஒன் டிராப் என்ற ரெகே தாளத்தில் முதல் அடி காலி. கிக்கும் ஸ்நேரும் சேர்ந்து மூன்றாவதில் விழும். நம்ம ரிதம் பேட்காரர்களுக்கு முதல் அடியைக் காலியாக விடச் சொன்னால் சம்பளத்தைப் பிடித்த மாதிரி முகம் போகும். நம்மூரில் இளையராஜாவின் குழுவில் சசிதரன் பேஸும் புருஷோத்தமன் டிரம்ஸும் வாசித்தார்கள். ராஜா பேஸ் வரியையும் நோட்ஸில் எழுதிக் கொடுப்பவர், அதனால் அந்த வரிகள் தனி மெட்டாகவே நடக்கும். மேடையில் அதைக் காப்பி எடுப்பவர்கள் எல்லாச் சுரத்தையும் பிடித்துவிடுகிறார்கள், நடுவே உள்ள மௌனத்தை விட்டுவிடுகிறார்கள். ஹெட்போனில் கேட்கும்போது சுரம் எங்கே முடிகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு கேளுங்கள். ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸிடமும் இதே ஒழுங்கு இருக்கிறது.

கட்டைக்கும், அதாவது பாட்டின் சுருதிக்கும், இதற்கும் தொடர்பு உண்டு. ஒன்றரைக் கட்டை, அதாவது C ஷார்ப் மேஜரில் பாட்டு வந்தால் E, A, D, G நான்கு திறந்த கம்பியில் ஒன்றுகூட அந்த ஸ்கேலில் கிடையாது. எல்லாமே விரல் வைத்த சுரம், நிறுத்துவது சுலபம். எல்லாரும் பயப்படும் கட்டை, எனக்கு அதுதான் நிம்மதி. இரண்டு கட்டை, அதாவது D மேஜர் வந்துவிட்டால் திறந்த D-யும் A-யும் ஆசை காட்டும். கூடுமானவரை 5ஆம் ஃப்ரெட்டில் பிடியுங்கள்.

ஐந்து கம்பி கேட்கிறீர்களா? B கம்பி 31 ஹெர்ட்ஸ். தெருவில் கட்டும் கூம்பு ஸ்பீக்கருக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது, சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஊமை. அங்கே பேஸ் கேட்பது மேல் ஹார்மோனிக்கால்தான். 700, 800 ஹெர்ட்ஸை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுங்கள், 250-ஐக் கொஞ்சம் குறையுங்கள், 40-க்குக் கீழே ஹைபாஸ் போட்டு வெட்டுங்கள். சவுக்குக் கம்பத்தின் மேல் பலகை அடித்த மேடை என்றால் மேடையே ஒரு பெரிய தவில். கேபினெட்டைப் பலகை மேல் நேராக வைக்காமல், அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். ரிதம் பேட்காரரிடம் கிக் சாம்பிளின் டிகேயை (ஒலி அடங்க எடுக்கும் நேரம்) குறைக்கச் சொல்லுங்கள். அவர் கிக்கும் நீண்டு, உங்கள் சுரமும் நீண்டால் எந்த மிக்ஸராலும் பிரிக்க முடியாது.

ஜெனரேட்டர் ஓடும்போது வரும் ஹம் 50 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைப் பாட்டில் E கம்பி 3ஆம் ஃப்ரெட் G 49 ஹெர்ட்ஸ். இரண்டும் உரசி விநாடிக்கு ஒரு தரம் "வவ் வவ்" என்று அலையும். டியூனிங் தப்பு என்று ஆணியைத் திருகாதீர்கள், வாசிப்பதை நிறுத்தி ஹம் கேட்கிறதா என்று பாருங்கள். கிடாரை மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டினால் பல நேரம் போய்விடும். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்து ஹம்மைப் போக்குவது மட்டும் ஒருபோதும் கூடாது. கம்பி, பிரிட்ஜ், ஆம்ப் பாடி எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. அந்த நிலையில் கோரஸ் பாட உதட்டை மைக்கில் வைத்தால் மின்சாரம் உங்கள் வழியாகத்தான் போகும். பாட்டுக்கு முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் இன்னொன்றை மைக் வலையிலும் தொடுங்கள். கணிசமாக எதையாவது காட்டினால் ஆம்பும் மிக்ஸரும் ஒரே லைனிலிருந்து வருகிறதா, எர்த் கம்பி ஈர மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று மைக் செட்காரரோடு பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

மார்கழி, தை இரவில் திறந்த மேடையில் பனி இறங்கினால் கம்பி குளிர்ந்து சுருதி ஏறும், விளக்குச் சூட்டில் இறங்கும். இரண்டு பாட்டுக்கு ஒரு தரம் டியூனரைப் பாருங்கள். ஆக்டிவ் கிடார் என்றால் முடிந்ததும் ஜாக்கைப் பிடுங்கிவிடுங்கள், அது செருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். ஸ்பாஞ்சையும் உருவி எடுத்துவிடுங்கள். ஈரமான பஞ்சு ஒரு ராத்திரி பிரிட்ஜில் கிடந்தால் காலையில் சேடில் ஸ்க்ரூ துருப்பிடித்துத் திருகவே வராது.