வெயில் மட்டுமா ஆபத்து?
தண்ணீர் நிறைய எடுத்துக்கொண்டால் போதும், பாலைவன மலையில் வெயில்தான் ஒரே ஆபத்து என்று இந்த மலைப்பயணக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஓமானில் வேலை பார்ப்பதால் இங்குள்ள ஜெபல் ஷம்ஸ் மலைக்குக் குடும்பத்தோடு போவது எங்களுக்கு வழக்கம். ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம். ஜனவரி இரவில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். மஸ்கட்டில் போடும் மெல்லிய சட்டையோடு வந்து கூடாரம் போட்டவர்கள் நடுங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். குளிரைவிட நான் அஞ்சுவது வாதிகளுக்கு, அதாவது காய்ந்த ஆற்றுப்படுகைகளுக்கு. நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும். எங்கோ மலையில் பெய்த மழை வெறும் பாறையில் ஊறாமல் திரண்டு வந்து வண்டியையே அடித்துக்கொண்டு போய்விடும். அங்கே கூடாரம் போடவே கூடாது, தண்ணீர் ஓடினால் எவ்வளவு அவசரமானாலும் காரை இறக்கக் கூடாது. அப்புறம், மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் மலையேறச் சின்னக் கார் போதுமா என்று கேட்டிருக்கிறார். பக்கத்து ஜெபல் அக்தர் மலைச் சாலையில் ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் எஞ்சின் விசையில் இயங்கும் வண்டி) இல்லாவிட்டால் போலீஸ் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும், லோ கியரில் மெதுவாக வாருங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் சிக்னலே கிடைக்காது.