வெள்ளையும் ஒரு திரைதான்

போன வருடம் ஐப்பசியில் என் நண்பன் வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தான். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள். விடியற்காலை நாலரைக்கே போய் நின்றேன். பசுவையும் கன்றையும் உள்ளே ஓட்டிவந்ததில் தொடங்கி பந்தியில் சாம்பார் வாளி தூக்கியது வரை எல்லாவற்றிலும் நான் இருந்தேன். நானும் மனைவியும் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கைக் கொடுத்தோம். நல்ல கனம். நண்பனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப்பொறந்தவன் மாதிரி நின்னே தம்பி" என்று கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது. அதில் பொய் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையன் காலாண்டுத் தேர்வின் கணக்குத் தாளை நீட்டினான். ஒன்பதாம் வகுப்பு. நூற்றுக்கு 61. கத்தினேன் பாருங்கள், கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து மாடியை அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு. கத்தின கத்தலில் கடைசியாகச் சொன்னது இது: "இப்படியே போனா நீயும் என்ன மாதிரி காலம் பூரா வாடகை வீட்டுலதான் கிடக்கணும்."

பையனின் படிப்பில் அக்கறை உள்ள அப்பா கோபப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். நன்றாகவே தூங்கினேன்.

ஒரு மாதம் கழித்து, பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தபோது அந்த வாக்கியம் சும்மா நினைவுக்கு வந்தது. கணக்குத் தாளுக்கும் வாடகை வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பொறாமை எனக்கு வரும் என்று தெரியாமல் இல்லை. அலுவலகத்தில் யாருக்காவது பதவி உயர்வு வந்தால் உள்ளே ஒன்று சுருக்கென்று குத்தும். அதை எனக்கு அடையாளம் தெரியும். அன்று குத்தவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பொறாமை பொறாமையாக வரவில்லை. அக்கறை என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து ஒரு பதினான்கு வயதுப் பையன் மேல் இறங்கியது.

சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. பதினான்காம் நூற்றாண்டில் தில்லையில் இருந்த உமாபதி சிவம், திருவருட்பயன் என்று நூறு குறள் எழுதினார். அதில் 'இருள்மல நிலை' என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. அதில் ஒரு குறள்:

ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும்
இருபொருளும் காட்டாது இது.

வெளியே இருக்கிற இருட்டு மற்ற பொருள்களை மறைக்கும். ஆனால் 'இருட்டாக இருக்கிறது' என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும். மின்சாரம் போனால் போனது தெரிகிறதே, அப்படி. உள்ளே இருக்கிற ஆணவ இருள் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. எழுநூறு வருடத்துக்கு முன்னால் இரண்டே அடியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் குறளை இருபது வயதிலேயே மனப்பாடம் செய்தவன் நான். மனப்பாடம் செய்ததோடு சரி.

இப்போது நம் ஊரிலும் 'நேர்மறை எண்ணம்' ஒரு வியாபாரமாகிவிட்டது. இரண்டு நாள் வகுப்பு, மதியச் சாப்பாடு, கையில் ஒரு நோட்டு. கெட்ட எண்ணம் வந்தால் உடனே துரத்து, ஒளியை மட்டும் நினை என்கிறார்கள். நானும் ஒன்றுக்குப் போயிருக்கிறேன். போனதில் ஒரு பலன் கிடைத்தது: எனக்குள் கெட்ட எண்ணமே இல்லை என்று ஒரு ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஆறு மாதமும் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

நம் கிராமத்துச் சாமிகள் இந்த விஷயத்தில் எவ்வளவோ தெளிவு.

எங்கள் ஊர் வடலூரிலிருந்து கொஞ்ச தூரம். ஏரிக்கரையில் அய்யனார் கோவில், வெளியே வரிசையாகச் சுதைக் குதிரைகள். அய்யனார் சைவம். சர்க்கரைப் பொங்கல், தேங்காய், பழம். அதே வளாகத்தில் பத்தடி தள்ளிக் கருப்பு நிற்கிறார், கையில் அரிவாளோடு. அவருக்குக் கெடா, சுருட்டு, சாராயம். கெடா வெட்டும்போது பூசாரி அய்யனார் சன்னதிக்குக் குறுக்கே ஒரு திரையை இழுத்துவிடுவார். எங்கள் ஊரில் அது பழைய நாலுமுழ வேட்டிதான். வெட்டி முடித்து, இடத்தைக் கழுவி, அப்புறம் திரை விலகும்.

சின்ன வயதில் ஆயாவிடம் கேட்டேன், "உள்ள இருக்கிற சாமிக்கு வெளிய நடக்கிறது தெரியாதா ஆயா?" "ஏன் தெரியாது? எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான பக்கத்துலயே வச்சிருக்காரு" என்றாள்.

அந்தப் 'பக்கத்திலேயே' என்ற சொல்லை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. கருப்பை ஊரை விட்டுத் துரத்தவில்லை. கர்ப்பக்கிரகத்தில் ஏற்றியும் வைக்கவில்லை. எல்லையில் நிறுத்தி, வயிற்றுக்குக் கொடுத்து, காவல் வேலை கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி ஏரிக்கரையில் தனியாக வருகிறவன் அய்யனாரைக் கூப்பிடுவதைவிடக் கருப்பைத்தான் முதலில் கூப்பிடுவான். கோபம், வெறி, ரத்தவாடை எல்லாம் மனிதனிடம் உண்டு என்று ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு இடமும் ஒரு நாளும் ஒதுக்கியவர்கள் நம் பாட்டன்கள். மனதின் இந்தப் பக்கத்தை 'நிழல்' என்று கார்ல் யுங் எழுதியதை நாம் வியந்து வியந்து பகிர்கிறோம். பகிரலாம், தப்பில்லை. ஏரிக்கரைக்கும் ஒருமுறை போய்விட்டு வரலாம்.

சிதம்பரத்திலும் இதே கதைதான். நடராசரின் காலடியில் கிடக்கும் முயலகன் செத்தவன் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். அவன் முதுகின் மேல்தான் ஆட்டமே நடக்கிறது.

சரி, வடலூருக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதுதான்.

வள்ளலார் அங்கே கட்டிய சத்திய ஞானசபையில் 1872 தைப்பூசத்தில் முதல் சோதி தரிசனம் நடந்தது. அன்றிலிருந்து தைப்பூசத்துக்கு ஏழு திரைகளையும் விலக்கிச் சோதியைக் காட்டுகிறார்கள். மாதப் பூசத்தில் ஆறு திரைதான் விலகும். சிறுவயதிலிருந்தே கூட்டத்தில் நசுங்கி நசுங்கிப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் தோளில் உட்கார்ந்தும், அப்புறம் என் தோளில் பையனை உட்கார வைத்தும். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் கலப்பு நிறம்.

இந்த வருடம் தைப்பூசத்துக்குப் போனபோது, அந்தப் பேருந்துப் பயணத்தின் உறுத்தல் மனதில் இருந்ததாலோ என்னவோ, திரைகளின் வரிசை முதல்முறையாக உறைத்தது. கறுப்பு முதலில் விலகுகிறது. அது எதிர்பார்த்ததுதான், கறுப்பு மறைக்கும் என்று யாருக்கும் தெரியும். ஆனால் ஆறாவதாக வெள்ளையும் விலகுகிறது. வெள்ளையும் திரைதான். அதைத் தாண்டியும் சோதி தெரிவதில்லை. இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, எல்லா நிறமும் கலந்தது.

ஒவ்வொரு திரைக்கும் ஒரு சக்தியின் பெயர் உண்டு. கறுப்பு மாயாசக்தி, வெள்ளை ஆதிசக்தி என்று வள்ளலாரின் சன்மார்க்கத்தில் முறையான விளக்கம் இருக்கிறது. நான் சொல்வது அந்த விளக்கம் இல்லை, கூட்டத்தில் நின்ற ஒருவனுக்குத் தோன்றியது. என் பொறாமையை மறைத்தது என் கெட்ட குணம் எதுவும் இல்லை, என் நல்ல பெயர்தான். விடியற்காலையில் போய் நின்றவன், சாம்பார் வாளி தூக்கியவன், குத்துவிளக்கு கொடுத்தவன். இத்தனை வெள்ளைக்குப் பின்னால் அது சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. நான் கொஞ்சம் மோசமான நண்பனாக இருந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன்.

வள்ளலாரை நாம் வெள்ளை ஆடை போர்த்திய உருவமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 'வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்' என்ற வரி எல்லாருக்கும் தெரியும். அந்த வரி வருகிற பிள்ளைப் பெருவிண்ணப்பத்தை முழுக்க உட்கார்ந்து படியுங்கள். நூறு பாட்டுக்கு மேல். அதில் பெரும்பகுதி தன் பயங்களைப் பற்றியது. காக்கை கூவினால் கலங்கினேன் என்கிறார். பருந்தின் குரல் கேட்டு உள்ளம் குலைந்தேன், ஆந்தை கத்தினால் பயந்தேன் என்கிறார். தூங்கப் பயம், சுவையான சோற்றைப் பார்த்தால் பயம். ஒரு குழந்தை அப்பாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பதுபோல ஒப்பிக்கிறார். சபை கட்டினவர், அதற்கு முன்பே 1867இல் தருமசாலையில் அணையா அடுப்பை மூட்டியவர், ஆந்தைக்குப் பயந்ததை எழுதி வைத்திருக்கிறார். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கருத்துப் பெட்டியில் யாராவது கேட்பீர்கள். உள்ளிருட்டை ஏற்றுக்கொள் என்றால் அதை அவிழ்த்துவிடு என்று அர்த்தமில்லை. 'நான் இப்படித்தான், மனசுல பட்டதைப் பேசிடுவேன்' என்று திரிகிறவர்களை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அவர்கள் கருப்பை எல்லையில் நிறுத்தவில்லை, நடுக்கூடத்தில் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் மற்றவர்கள்தான் எல்லைக்குப் போக வேண்டியிருக்கிறது. அதேபோல, மாதக்கணக்கில் தூக்கம் வராமல், உயிரோடு இருப்பதே பாரமாகத் தெரிகிறவரிடம் போய் 'உன் இருளை அணைத்துக்கொள்' என்று தத்துவம் பேசுவதும் பாவம். அவருக்குத் தேவை ஒரு நல்ல மனநல மருத்துவர், கூட வர ஒரு ஆள்.

எனக்கு ஒத்துவந்தது சின்ன விஷயம்தான். ராத்திரி விளக்கணைத்த பிறகு, அன்றைக்கு யார் மேல் எரிச்சல் வந்தது, அது உண்மையில் யார் மேல் வந்திருக்க வேண்டும் என்று ஒரு ஐந்து நிமிடம் யோசிக்கிறேன். பாதி நாள் அதற்குள் தூங்கிவிடுகிறேன். மீதிப் பாதியில் தெரியவருவது பெரும்பாலும் அழகாக இருப்பதில்லை. ஆனால் அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் மறுநாள் காலை அது கொஞ்சம் தள்ளி நிற்கிறது. நண்பன் வீட்டுக்கு இப்போதும் போகிறேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசும்போது உள்ளே அந்தச் சுருக் வருகிறது. வந்துவிட்டாயா, உட்கார் என்று விட்டுவிடுகிறேன். முன்பைவிட இப்போது அவனோடு சிரித்துப் பேச முடிகிறது.

தைப்பூசம் முடிந்து வடலூரிலிருந்து திரும்பும்போது பேருந்தில் நின்றுகொண்டே பையனிடம் சொல்லிவிட்டேன். ஒரு மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். "அன்னைக்கு நான் கத்தினது உன் மார்க்குக்காக இல்லடா. மாமா வீடு கட்டினதுல எனக்கு வயித்தெரிச்சல். அதைத் தெரியாம உன் மேல காட்டிட்டேன்."

அவன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினான்.

"தெரியும்பா. அம்மா அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டாங்க."