தண்ணீர் வடிந்த பிறகு யார் வருவார்கள்?

வெள்ளம் என்றதும் நமக்கெல்லாம் படகும் உணவுப் பொட்டலமும்தான் நினைவுக்கு வருகின்றன. முதல் சில நாட்களுக்கு உயிர் காப்பவை அவைதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தண்ணீர் வடிந்ததும் முகாமை மூடி, "இனி வீட்டுக்குப் போகலாம்" என்று குடும்பங்களை அனுப்பிவிடுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எந்த வீட்டுக்கு?

கதவைத் திறந்தால் கணுக்கால் அளவு சேறு. அதில் கழிவுநீரும் டீசலும் செத்த எலியும் கலந்திருக்கும். ஊறிப்போன மெத்தையை இரண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. பீரோவின் அடித்தட்டில் வைத்த பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கும். இழப்பீடு கேட்டுப் போனால் முதலில் கேட்பதும் அந்தக் காகிதங்களைத்தான்! சுவிட்ச் போர்டுக்குள் ஈரம் இருக்குமோ என்று விளக்கைப் போடவே பயம். அன்றிரவு அந்த வீட்டில்தான் குழந்தைகளைப் படுக்க வைக்க வேண்டும்.

பேரிடர் உதவிக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் ஸ்ஃபியர் கையேடு, ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது. குடிக்க, சமைக்க, உடம்பைக் கழுவ என்று போட்ட கணக்கு அது. ஒரு வீட்டுச் சேற்றைக் கழுவித் தள்ள எத்தனை வாளி ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கிணறும் தொட்டியும் கெட்டுப்போயிருக்கும்போது அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? தண்ணீர் லாரியை நிறுத்தக் கூடாத நேரம் அது. மண்வெட்டி, வாளி, பிளீச்சிங் பவுடர், கையுறை, ரப்பர் பூட்ஸ், சானிட்டரி நாப்கின் எல்லாம் அப்போதுதான் வேண்டும்.

நோயும் உடனே தலைகாட்டுவதில்லை. எலிக்காய்ச்சல் கிருமி சேற்றிலிருந்து உடம்பில் நுழைந்து 2 முதல் 30 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் காய்ச்சலாக வெளிப்படலாம். மருத்துவ முகாமை ஒரே வாரத்தில் கலைத்துவிட்டால் பிறகு காய்ச்சல் வருபவர்கள் யாரிடம் போவார்கள்? (காய்ச்சல் வந்தால் சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.)

2022-ல் பாகிஸ்தானில் சுமார் 3.3 கோடி பேரைப் பாதித்த வெள்ளத்தில், சிந்து மாகாணத்தின் பல பகுதிகளில் தண்ணீரே மாதக்கணக்கில் வடியவில்லை. ஒரு வாரத்துக்குத் திட்டமிட்ட நிவாரணம் அங்கே எந்த மூலைக்கு?

அப்புறம், பழைய துணி மூட்டைகள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். அவற்றைப் பிரித்து அடுக்கவே ஆட்களின் நேரம் போகிறது, நிறைய குப்பைக்குப் போகிறது. கடைகள் திறந்துவிட்ட இடத்தில் பணமாகக் கொடுப்பதே மேல். ஒரு குடும்பத்துக்கு அடுப்பு வேண்டும், இன்னொன்றுக்குத் தையல் மெஷினைப் பழுது பார்க்க வேண்டும். அது அவர்களுக்குத்தான் தெரியும். பணம் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்று சொல்பவர்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. வீட்டையே இழந்தவருக்குத் தன் தேவை தெரியாதா?

நீங்கள் கொடுக்க நினைக்கும் தொகையில் பாதியை இப்போது கொடுங்கள். மீதியை ஒரு மாதம் கழித்து, அப்போதும் அந்த ஊரில் வேலை செய்துகொண்டிருப்பவர்கள் யார் என்று விசாரித்துக் கொடுங்கள்.